மூன்று வயதுப் பையன் சாப்பிட மாட்டேன் என்கிறான்: பால் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்

உங்கள் நீளமான கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பையனுக்கு மூன்று வயது முடிந்திருக்கிறது. கோயம்புத்தூர் பக்கம், மாமனார் மாமியாரோடு ஒரே வீடு. தயிர் சாதம், ஓரம் முறுகாத தோசை, சர்க்கரை தொட்ட இட்லி தவிர வேறு எதையும் அவன் வாயில் வைப்பதில்லை. காய் கண்ணில் பட்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, அதுவும் போனில் கார்ட்டூன் ஓடினால்தான். அத்தை "ஒரே ஒரு வாய் வாங்கிக்க சாமி" என்று கிண்ணத்தோடு பின்னாலேயே நடக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் அதட்டுகிறார். அவன் அழுகிறான், சில நாள் வாந்தியும் எடுக்கிறான். மெடிக்கல் ஷாப்பில் சொன்ன பசி சிரப்பை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழந்தைகளின் உணவு விஷயத்தில் பல வருடமாக ஆலோசனை சொல்லி வருபவள் என்ற முறையில் சொல்கிறேன், சிரப்பைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் எடையைப் பார்ப்போம்.

நல்லவேளையாக எடையையும் உயரத்தையும் எழுதியிருக்கிறீர்கள். இப்போது 12.8 கிலோ, 94 சென்டிமீட்டர். இரண்டு வயதில் 11 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயது ஆண் குழந்தைக்கு நடுவான எடை 14.3 கிலோ. எடைக்குறைவு என்று சொல்லும் கோடு 11.3 கிலோ. உங்கள் பையன் அந்தக் கோட்டுக்கு நன்றாகவே மேலே இருக்கிறான். அதைவிட முக்கியம், இரண்டு வயதில் எந்தக் கோட்டை ஒட்டி இருந்தானோ அதே கோட்டை ஒட்டித்தான் இப்போதும் வளர்கிறான். ஒல்லியாக இருப்பது வேறு, வளர்ச்சி கீழே சரிவது வேறு. கல்யாண வீட்டில் யாராவது "என்ன இப்படி மெலிஞ்சு போயிட்டான்" என்று கேட்டால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மூன்று கிலோவில் பிறக்கும் குழந்தை முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோவைத் தொடும். அதாவது ஒரே வருடத்தில் ஆறு கிலோ. இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு இரண்டு கிலோ ஏறினாலே போதும். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். "ஒரு வயசுல கொடுத்ததெல்லாம் சாப்பிட்டானே" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாப்பிட்டிருப்பான், அப்போது அவன் உடம்புக்கு அது தேவைப்பட்டது.

இனி நீங்கள் அனுப்பிய ஒரு நாள் பட்டியலுக்கு வருகிறேன். விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. எழுந்ததும் ஒரு டம்ளர் பால். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்பதால் பதினொரு மணிக்கு இன்னொன்று. மாலை ஒன்று, தூங்கப்போகும்போது ஒன்று. டம்ளருக்கு 200 மில்லி என்றால் மொத்தம் 800 மில்லி. பச்சை பாக்கெட் பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 70 கலோரி, ஆக 560. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதில் ஒரு 160. நடுவே தாத்தா கொடுக்கும் நாலு மேரி பிஸ்கட், சுமார் 100. கூட்டினால் 820. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை நாளொன்றுக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது 1,000 கலோரியை ஒட்டித்தான். மீதி இருக்கும் இருநூறு கலோரிக்குத்தான் அவன் வயிற்றில் இடம். கொஞ்சம் தயிர் சாதத்திலும் ஒரு தோசையிலும் அது நிரம்பிவிடுகிறது. சாப்பிடவே இல்லை என்று நீங்கள் நினைக்கும் பையன், தனக்குத் தேவையானதைக் குடித்து முடித்திருக்கிறான்.

பாலைக் கெட்டது என்று சொல்லவில்லை. இந்த வயதில் 400 மில்லி போதும், 500 தாண்ட வேண்டாம். தயிரையும் அந்தக் கணக்கிலேயே சேருங்கள். பாலில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. மற்ற உணவில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதையும் அது குறைக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். பசி மந்தமானால் வீட்டில் "சரி, பாலாவது குடிக்கட்டும்" என்பார்கள். இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும், பதினொரு மணிப் பால்தான் அதற்கு வசதியான இடம். மதியச் சாப்பாட்டைக் கெடுப்பது அதுதான், முதலில் அதை நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து இரவுப் பாலைப் படுக்கையிலிருந்து எடுத்து, சாப்பாடு முடிந்த பிறகு சின்ன டம்ளரில் உட்கார்ந்து குடிக்கிற மாதிரி மாற்றுங்கள். பல்லுக்கும் நல்லது. சர்க்கரையைச் சொல்லாமல் கொள்ளாமல் கால் ஸ்பூன் கால் ஸ்பூனாகக் குறைத்தால் கண்டுபிடிக்க மாட்டான்.

பால் இறங்கியதும் நேரத்தைப் பிடியுங்கள். எட்டு மணிக்கு டிபன், பத்தரைக்கு ஒரு பழமோ சுண்டலோ, ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலரைக்கு மாலைத் தீனி, ஏழரைக்கு இரவுச் சாப்பாடு. அரை மணி முன்பின் ஆகலாம். இடையில் தண்ணீர் மட்டும். முறுக்கு, பிஸ்கட், பக்கத்து வீட்டு மிக்சர் எதுவும் கிடையாது. இரண்டரை மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருந்தால்தான் பசி என்றால் என்ன என்றே அவனுக்குத் தெரியும். இப்போது அழுவதற்குள் ஏதோ ஒன்று கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது சாப்பாட்டு நேரம். எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980களிலேயே ஒரு வேலைப் பிரிவினையைச் சொன்னார். இன்றும் பல நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கும், நம் வீடுகளில் செய்வது கடினம். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். என்ன வேண்டும் என்று அவனைக் கேட்கிறோம், எவ்வளவு என்பதை நாம் திணிக்கிறோம்.

இதைக் கேட்டதும் "அப்போ அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடலாமா" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். விட முடியாது. கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920களிலும் 30களிலும் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். பால்மறக்கும் வயதுக் குழந்தைகள் 15 பேருக்கு 34 வகை உணவுகளை வைத்துத் தாங்களே எடுத்துக்கொள்ள விட்டார். ஒரு நாள் ஒன்றையே தின்றார்கள், மறுநாள் அதைத் தொடவில்லை. ஆனாலும் மொத்தத்தில் நன்றாக வளர்ந்தார்கள். இதைச் சுட்டிக்காட்டிக் குழந்தைக்குத் தன் தேவை தெரியும் என்பவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அந்த 34இல் சர்க்கரையும் இல்லை, பாக்கெட் தீனியும் இல்லை. எதை எடுத்தாலும் நல்லதாகவே இருக்கும்படி வைத்தது பெரியவர்கள்தான்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். இரவு அவன் ஏழு மணிக்குத் தனியாகச் சாப்பிடுகிறான், மாமனார் எட்டு மணிக்கு, வீட்டுக்காரர் ஒன்பதரைக்கு, நீங்களும் அத்தையும் எல்லாம் முடிந்து பத்து மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மூரில் இது சகஜம்தான். ஆனால் இதில் அந்தப் பையன் தன் அம்மாவும் பாட்டியும் சாப்பிட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை. அவனைப் பொறுத்தவரை சோறு என்பது ஊட்டுகிற பொருள். தன்னோடு உட்கார்ந்து பெரியவர் ஒருவர் அதையே சாப்பிடும்போதுதான் புது உணவை வாயில் வைக்கும் துணிச்சல் சின்னக் குழந்தைகளுக்கு வருகிறது. எல்லோரும் ஒன்றாக உட்கார முடியாவிட்டால் பரவாயில்லை, ஏழரைக்கு நீங்களும் அத்தையும் தட்டுப் போட்டு அவனோடு உட்காருங்கள். ஆண்கள் பிறகு போட்டுக்கொள்ளட்டும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

உட்கார்ந்த பிறகு அவன் தட்டில் என்ன இருக்க வேண்டும்? வீட்டில் எல்லோருக்கும் செய்ததே. அதில் அவன் வழக்கமாகச் சாப்பிடுகிற ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அரிசி பருப்பு சாதம் செய்த நாளில் பக்கத்தில் கொஞ்சம் தயிர், ஒரே ஒரு துண்டு காய். அளவு மிகக் குறைவாக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஸ்பூன். தீர்ந்தால் மறுபடி கேட்கட்டும். குவித்து வைத்த தட்டைப் பார்த்தாலே பாதிக் குழந்தைகளுக்கு வயிறு நிறைந்துவிடும். இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. பிறகு முகத்தைச் சுளிக்காமல் தட்டை எடுத்துவிடுங்கள். சாப்பிடவில்லையா, சரி, அடுத்த வேளை இருக்கிறது. பத்து நிமிடம் கழித்துத் தோசை வார்த்துக் கொடுத்தால் மொத்தமும் வீண். இனிமேல் எல்லா நாளும் தோசைக்காகக் காத்திருப்பான், அவன் புத்திசாலி.

கீழே சிந்துவான். ஒரு பழைய பாயையோ செய்தித்தாளையோ விரித்துவிட்டு, தானே கையால் பிசைந்து சாப்பிட விடுங்கள். மூன்று வயதுக் கைக்கு அது முடியும். பாதி சட்டையில் போனாலும் வாய்க்குப் போனது அவன் எடுத்துக்கொண்டது.

போன் கட்டாயம் போக வேண்டும். கார்ட்டூன் பார்க்கும் குழந்தைக்கு வாயில் போனது என்ன என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. ஒரேயடியாக மூன்று வேளையும் நிறுத்தினால் வீடு தாங்காது, அதனால் காலை டிபனில் ஆரம்பியுங்கள். அந்த நேரத்தில் பெரியவர்களின் போனும் அறைக்குள் இருக்கட்டும், டிவி சீரியலும்தான். முதல் மூன்று நான்கு நாள் மிகக் குறைவாகச் சாப்பிடுவான், கத்துவான். அத்தைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே போன் திரும்ப வந்துவிடும்.

அதட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூப் கொடுத்தார்கள். ஒரு சூப்புக்கு மட்டும் "குடித்து முடி" என்று சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அடிக்கவோ மிரட்டவோ இல்லை. சொல்லாத சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள், சொன்ன சூப்பைப் பற்றித்தான் குறை அதிகம் சொன்னார்கள். பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர் எல்லாம் இதைவிடப் பல மடங்கு அழுத்தம். உங்கள் பையன் வாந்தி எடுப்பதும் பெரும்பாலும் வாயை அழுத்தித் திணிக்கும் வேளைகளில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லஞ்சமும் இதே வகைதான். "கீரை சாப்பிட்டா சிப்ஸ் தருவேன்" என்றால், கீரை கஷ்டம், சிப்ஸ் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிறது. சிப்ஸ் வாங்கும் நாளில் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அத்தையை எப்படிச் சமாளிப்பது என்பதற்குத்தான் உங்கள் கேள்வியில் பாதி போயிருக்கிறது. அவரிடம் "நீங்க பண்றது தப்புங்க அத்தை" என்று ஆரம்பித்தால் அன்றோடு பேச்சு முடிந்தது. குழந்தை சாப்பிடாமல் தூங்கினால் தன் மேல் குறை வந்துவிடும் என்று அவர் பயப்படுகிறார். வயிறு வாடக்கூடாது என்பதுதான் அவர் தலைமுறையின் பாசம். குழந்தைகள் நலிந்து இறந்ததைக் கண்ணால் கண்ட தலைமுறை அது, அந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போய், எடை அட்டவணையை டாக்டர் வாயால் விளக்கச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது அங்கே ஏறும். அப்புறம் அவருக்கு வேறு வேலை கொடுங்கள். தட்டைக்காய் உரிக்கும்போது பையனைப் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். சந்தகை பிழியும்போது அவன் கையையும் பிடியில் வைக்க விடட்டும். தான் உரித்த பயறு குழம்பில் மிதப்பதைத் தேடுகிற குழந்தை, ஒன்றை வாயில் போட்டுப் பார்க்கவும் செய்வான். ஊட்டும் ஆசை இருந்தால் பாட்டியின் முதல் இரண்டு உருண்டை உண்டு, மீதி அவனே. எனக்கு இந்தச் சமரசம் பிடிக்கும், நடைமுறையில் நிற்கிறது.

காய் விஷயத்தில் அவசரம் வேண்டாம். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டு பயப்படுவது குழந்தைகளின் இயல்பு. நடக்கத் தெரிந்த குழந்தை கண்டதை வாயில் போடாமல் இருக்க அந்தப் பயம் உதவுகிறது. ஓர் உணவு பழகுவதற்கு எட்டு முதல் பதினைந்து தடவை கண்ணிலும் வாயிலும் படவேண்டியிருக்கும். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம், அதையும் அவன் காதுபடச் சொல்கிறோம். தட்டில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வது, தொடுவது, மோந்து பார்ப்பது, நக்கிவிட்டுத் துப்புவது எல்லாமே முன்னேற்றம்தான். துப்பினால் திட்டாதீர்கள்.

அவனுக்குப் பிடித்த தயிர் சாதத்தையே பாலமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு மாதுளை முத்து, மேலே தெரியும்படி. பிறகு துருவிய கேரட் ஒரு சிட்டிகை. அது பழகினால் வெள்ளரி. சாதத்துக்குப் பதில் ஒரு நாள் அவல், ஒரு நாள் சாமை. தோசைக்காரனுக்கு முட்டை தோசை, அப்புறம் பாசிப்பயறு தோசை, அப்புறம் முருங்கைக்கீரை போட்ட அடை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். காயை அரைத்து மாவில் ஒளித்துக் கொடுப்பது சத்துக்கு உதவும், ஆனால் காயைப் பழக்காது. அதனால் ஒளித்தாலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டு தட்டில் இருக்கட்டும். இரும்புக்கு முட்டை, ஈரல், கீரை, பயறு, கேழ்வரகோடு கம்பு. சைவச் சாப்பாட்டில் ஒரு சொட்டு எலுமிச்சையோ கொய்யாத் துண்டோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை மட்டும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வேர்க்கடலையைப் பொடித்தும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் கொடுங்கள்.

இப்போது சிரப். கடைகளில் பசிக்கென்று கொடுப்பவற்றில் பலவும் சைப்ரோஹெப்டடின் கலந்தவை. அது அடிப்படையில் ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கம் வரும், கூடவே பசியும் கிளம்பும். நிறுத்தினால் பழைய கதைதான். எடை சரியாக ஏறும் குழந்தைக்கு அது தேவையில்லை, டாக்டர் எழுதாமல் கொடுக்கவே வேண்டாம். பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களும் பெரும்பாலும் சர்க்கரைதான். 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக்கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசே அறிவுறுத்தியது. அங்கன்வாடியில் வருடத்துக்கு இரண்டு முறை கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள், இரும்பு டானிக்கும் அங்கே கேட்டால் கிடைக்கும்.

டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள் வேறு. எடை குறைகிறது, அல்லது ஆறு மாதமாக அசையவே இல்லை. மண், சுண்ணாம்பு, விபூதி என்று தேடித் தின்கிறான், இது ரத்தசோகையின் அடையாளமாக இருக்கலாம். விழுங்கும்போது இருமல், புரையேறல். நாள்பட்ட மலச்சிக்கல், வயிறு இறுகிய குழந்தைக்குப் பசியே இருக்காது. முன்பு சாப்பிட்டவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, சாப்பிடும் பொருள்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. கட்டியான உணவு நாக்கில் பட்டாலே குமட்டுகிறது, கூடவே பேச்சும் தாமதமாகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் வளர்ச்சிப் பரிசோதனையும் தேவை. உங்கள் பையன் சாப்பிடுவதும் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஆனால் முன்பு சாப்பிட்டதை ஒவ்வொன்றாகக் கைவிட்டதாக நீங்கள் எழுதவில்லை. மற்ற அறிகுறிகளும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனாலும் இவ்வளவு பால் குடித்திருப்பதால் ஒரு முறை ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஜூனில் பள்ளியில் சேர்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது உங்களுக்குச் சாதகம்தான், பக்கத்துப் பையன் சாப்பிடுவதைப் பார்த்து வீட்டில் தொடாததைப் பிள்ளைகள் அங்கே சாப்பிடுவதுண்டு. டிபன் பாக்ஸில் புது ஐட்டம் வேண்டாம், நன்றாகப் பழகியதை, அவன் சாப்பிடும் அளவில் பாதி மட்டும் வையுங்கள். அதற்கு முன்னால் அந்த டப்பாவின் மூடியைத் தானே திறக்க அவனுக்குத் தெரிகிறதா என்று வீட்டிலேயே சில நாள் பார்த்துவிடுங்கள். எல்கேஜியில் பல டப்பாக்கள் அப்படியே திரும்பி வருவதற்கு அந்த மூடிதான் காரணம்.